வாய் கோணினால் முதலில் எங்கே செல்வது?

(ஜமாஅத் பொதுக்கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)



சில ஆண்டுகளுக்கு முன் ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் முதியவர் ஒருவரை அவருடைய மகன் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். "காற்று பட்டு வாய் கோணிவிட்டது, ஹஜ்ரத்! தண்ணீர் ஓதித் தாருங்கள்" என்றார். முதல்நாள் இஷாவுக்குப் பின்னரே கோணியிருக்கிறது. விடியட்டும் என்று காத்திருந்திருக்கின்றனர். வலக்கையும் தளர்ந்திருந்தது. உடனே மருத்துவமனைக்கு அனுப்பினேன். பக்கவாதம் என்றனர். உயிர் பிழைத்தார், கை மீளவில்லை.

முகம் ஒருபுறம் தொங்குவதற்கு முக்கியக் காரணங்கள் இரண்டு. ஒன்று பக்கவாதம், மூளையின் இரத்தக்குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ வருவது. மற்றொன்று, முகத்தசைகளை இயக்கும் நரம்பு வீங்கிச் செயலிழக்கும் முகவாதம். 1821இல் இந்நரம்பைப் பற்றி எழுதிய சார்லஸ் பெல் என்ற மருத்துவரின் பெயரால் இதனைப் 'பெல்ஸ் பால்ஸி' என்பர். காதில் சீழ், அக்கிக் கொப்புளம், கட்டி, தலைக்காயம் ஆகியவற்றாலும் இந்நரம்பு பாதிக்கப்படலாம்.

முகவாதத்தில் அப்பக்கத்து நெற்றி சுருங்காது. கண்ணும் சரிவர மூடாது. பக்கவாதத்தில் பெரும்பாலும் நெற்றி சுருங்கும். கை கால் தளர்ச்சியும் பேச்சுக் குழறலும் சேர்ந்து வரலாம். ஆயினும் இதனைத் தீர்மானிப்பது மருத்துவரின் பணி, நம் பணியன்று.

நோயாளியைச் சிரிக்கச் சொல்லுங்கள், இரு கைகளையும் உயர்த்தச் சொல்லுங்கள், பேசச் சொல்லுங்கள். ஒன்றில் குறை கண்டாலும் 108ஐ அழையுங்கள். சிறிது நேரத்தில் சரியாகிவிட்டாலும் செல்லத்தான் வேண்டும். அவர் கடைசியாக நலமாயிருந்த நேரத்தை மருத்துவரிடம் கூறுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அந்நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்திற்குள் போட வேண்டும். அதற்குமுன் ஸ்கேன் எடுக்க வேண்டும்.

ஓதிய தண்ணீரேயானாலும் அப்போது புகட்டாதீர்கள். விழுங்கும் ஆற்றல் குன்றியிருந்தால் அது நுரையீரலுக்குள் சென்றுவிடும். மாத்திரையும் நீங்களாகத் தராதீர்கள்.

முகவாதம் என்று மருத்துவர் உறுதிசெய்தால் அஞ்ச வேண்டாம். மூன்று நாட்களுக்குள் மருந்து தொடங்கினால் பலன் மிகுதி. மூடாத கண் உலராமல் காக்க வேண்டும். பெரும்பாலோர் சில வாரங்களில் அல்லது மாதங்களில் நலமடைகின்றனர்.

சகோதரர்களே! மருந்து தேடுவது தவக்குலுக்கு முரணன்று. துஆவுக்காக என்னிடம் வராதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நோயாளியை முதலில் வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். பிறகு ஒருவர் வந்து எனக்குச் சொல்லுங்கள். நள்ளிரவானாலும் மருத்துவமனைக்கே வந்து ஓதுகிறேன்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தை நல்குவானாக! ஆமீன்.