சிங்கம் மின்னுகிறது, செய்தவன்?

(பொம்மசந்திராவில் தொழிலாளர் குடும்பங்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



முந்தானையில் முடிந்திருக்கும் ஒரு ரூபாய்க் காசை எடுத்துப் பாருங்கள். அதில் நிற்பது சாரநாத் சிங்கம். அசோகன் காலத்துச் சிற்பி மணற்கல்லில் செதுக்கிக் கண்ணாடிபோல் மெருகேற்றியது. 1950 ஜனவரி 26ஆம் நாள் அது குடியரசின் சின்னமாயிற்று. கல்லில் பிறந்த சிங்கம் பிறகு எவர்சில்வரில் ஏறியது. 1988ல் 10, 25, 50 பைசாக் காசுகளும், 1992ல் ரூபாய்க் காசும் எவர்சில்வரில் வந்தன. நூற்றுக்கு 83 பங்கு இரும்பு, 17 பங்கு குரோமியம். காசுக்கான வட்டத் தகடு வெட்டித் தந்ததில் நம் சேலம் உருக்காலைக்கும் பங்குண்டு. 1970ல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டிய ஆலை அது.

இரும்பு துருப்பிடிக்கும். இது ஏன் பிடிப்பதில்லை? குரோமியம் காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய போர்வையாகிறது. கீறினாலும் தானே மூடிக்கொள்கிறது. அதனால்தான் அலுவலக வாசலுக்கு முத்திரை செய்ய இந்தத் தகட்டைக் கேட்கிறார்கள். கர்நாடக முத்திரையில் கண்டபேருண்டம். தமிழ்நாட்டு முத்திரையில் கோபுரம். இரண்டிலும் அதே சிங்கம்!

அந்த முத்திரை எப்படி உருவாகிறது? தகட்டை வெட்டுகிறோம். ஆர்கானிலோ குச்சியிலோ வெல்டிங் வைக்கிறோம். கறுத்த இடத்தை ஆசிட் பசை பூசி வெளுக்கிறோம். பஃப் போட்டு முகம் தெரிய மினுக்குகிறோம். திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டியவர் பெயர் கல்வெட்டில் ஏறுகிறது. மினுக்கியவன் பெயர்? போகட்டும், பெயர் வேண்டாம். நுரையீரலாவது வேண்டாமா?

தகட்டைக் காக்கும் அதே குரோமியம், வெல்டிங் சூட்டில் புகையாகும்போது நஞ்சாகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, 2017ல் வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பட்டியலில் சேர்த்தது. மூக்கில் கட்டும் துண்டு இந்தப் புகையைத் தடுக்காது. ஆசிட் பசையில் பெரும்பாலும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கும். பட்டவுடன் சிலசமயம் வலிக்காது. உள்ளே எலும்புவரை அரித்துவிடும். உடனே நிறையத் தண்ணீரில் கழுவி, கால்சியம் குளுக்கோனேட் களிம்பு தடவி, மருத்துவமனைக்கு ஓடவேண்டும். தாய்மார்களே, பட்டறைச் சட்டையைக் குழந்தைகள் துணியோடு ஊறவைக்காதீர்கள்.

தேசியச் சின்னத்தைத் தவறாகப் பயன்படுத்தக் கூடாதென்று 2005ல் சட்டம் செய்தார்கள். வரவேற்கிறோம். உலோகச் சிங்கத்துக்குக் கிடைத்த காவல், அதை உருவாக்கும் உயிருக்கு வேண்டாமா? "கான்ட்ராக்ட் ஆள்தானே" என்று மேஸ்திரி கைகழுவினால், நாம் வாய்மூடி நிற்பதா?

கேட்பது பிச்சையல்ல. புகையை உறிஞ்சி வெளியேற்றும் குழாய், புகைக்கேற்ற முகமூடி, ஆசிட்டுக்கேற்ற கையுறை, முதலுதவிப் பெட்டியில் அந்தக் களிம்பு, ஆண்டுக்கொருமுறை நுரையீரல் பரிசோதனை. நிரந்தரத் தொழிலாளிக்குக் கொடுப்பதையே கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் கொடுக்கவேண்டும்.

இதைத் தமிழர் மட்டும் கேட்டால் போதாது. தருமபுரிக்காரர் மூச்சும் கோலார்க்காரர் மூச்சும் ஒரே கூரையின்கீழ் ஒரே புகையில்தான் போய்வருகின்றன. ஆகவே மனுவைக் கன்னடத்திலும் தமிழிலும் எழுதுவோம். பக்கத்து மிஷினில் நிற்கும் கன்னடத் தோழரை முதல் கையெழுத்துப் போடச் சொல்வோம். அடுத்த கையெழுத்து நம்முடையதாக இருக்கட்டும்.