சர்க்கரை வியாதியும் வயிற்றுக் கோளாறும்



சர்க்கரை வியாதி என்றால் கால் புண், கண் மங்கல் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. வயிற்றையும் அது பிடிக்கும் என்பது பலருக்குத் தெரியாது. "நாலு வாய் சாப்பிட்டாரு, வயிறு நெறஞ்சுபோச்சுன்னு எந்திரிச்சிட்டாரு" என்று வீட்டுக்காரம்மா சொல்வார். சமையல் பிடிக்கலையோ என்ற வருத்தம் வேறு. குற்றம் சமையலில் இல்லை.

இரைப்பையை அசைத்துச் சோற்றைக் கீழே தள்ள ஒரு நரம்பு இருக்கிறது. பல வருஷம் சர்க்கரை கட்டுக்கு அடங்காமல் இருந்தால் அது கெடும். தின்ற சோறு இரைப்பையிலேயே தங்கும். வயிறு உப்பும், குமட்டும். சிலருக்குக் காலையில் தின்றது சாயங்காலம் அப்படியே வாந்தியில் வரும்.

இதில் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. ஊசி போட்டாச்சு, சாப்பிட்டாச்சு. ஆனால் சோறு இன்னும் செரித்து இரத்தத்தில் சேரவில்லை. ஊசி மருந்து மட்டும் வேலை செய்கிறது. சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சுக் குழறும். நினைவு இருந்தால் 3 சிறு கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

மெட்ஃபார்மின் மாத்திரை ஆரம்பித்த புதிதில் சிலருக்கு வயிற்றால் போகும். சாப்பாட்டோடு விழுங்கினால் தொந்தரவு குறையும். "மாத்திரை ஒத்துக்கல" என்று நீங்களாகவே நிறுத்தாதீர்கள். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டு வருகிறார்களே, அந்தச் சகோதரியிடம் சொல்லுங்கள்; டாக்டரிடமும் காட்டுங்கள்.

சோறு வயிற்றில் தங்குகிறவர்கள் 3 வேளைச் சாப்பாட்டை 5, 6 வேளையாகப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடலாம். குழைந்த சோறு, இட்லி நல்லது. எண்ணெய்ப் பலகாரம் மெதுவாகத்தான் செரிக்கும். சாப்பிட்டதும் திண்ணையில் சாயாமல் புருஷனும் பெண்சாதியும் தெருக்கோடி வரை மெல்ல நடந்து வாருங்கள்.

ஓயாத வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு வாங்கினால் ஊசியை நிறுத்தாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

இன்னொன்று. மேல்வயிறு இறுக்கிப் பிடித்து வேர்த்தால் "வாய்வுதான்" என்று சோடா வாங்கிக் குடிக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலே வருவதுண்டு. அந்த நேரத்தில் சோடாக் கடையைத் தேடாதீர்கள், ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடியுங்கள்.