அடுத்த மெஷினின் சுமை



மோசே இறந்தபோது இஸ்ரயேல் மக்கள் 30 நாள் துக்கம் காத்தார்கள் என்கிறது இணைச்சட்டம். திருப்பூர் பனியன் கம்பெனியில் தாயைப் புதைத்த பெண் மூன்றாம் நாளே மெஷினில் வந்து உட்காருவதுண்டு. வராவிட்டால் சம்பளம் போய்விடுமே!

இரக்கமுள்ள சூப்பர்வைசர், "மெதுவாகத் தைம்மா" என்கிறார். நல்ல மனசுதான். ஆனால் லைனின் டார்கெட் அப்படியே நிற்கிறது. விடுபட்ட பீஸ்களெல்லாம் அடுத்த மெஷின்காரியின் தலையில். பத்தே நாளில் அவளுக்கு எரிச்சல், இவளுக்குக் கூச்சம். இருவரும் சேர்ந்து சாப்பிடுவதும் நின்றுவிடுகிறது. அடுத்தவர் முதுகில் செய்த தர்மம் இது.

பொறுப்பில் இருப்பவர்களே, முதலில் டார்கெட்டைக் குறையுங்கள். முடியாதென்றால் மாற்று டெய்லரை உட்காரவையுங்கள். கூடுதலாகத் தைத்தவளுக்குக் கூடுதல் கூலி கொடுங்கள். முப்பதாம் நாள் திருப்பலிக்கு, அவள் கேட்குமுன்பே லீவு சொல்லிவிடுங்கள்.