மீனைச் சோதிச்சா யாருக்குப் பயம்?

(எண்ணூர் பகுதிக் கூட்டத்தில் நம் ஐடி விங் தன்னார்வலர் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் இன்ஜினியரிங் படிச்சவன். மேடைப் பேச்சு வராது. ஒரே ஒரு விஷயம் சொல்லிட்டு உட்கார்ந்துடறேன்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்ததை நீங்க பார்த்தீங்க. படகும் வலையும் கறுப்பாச்சு. மீனவர்களே பக்கெட்டால எண்ணெயை அள்ளினாங்க. அதுக்குப் பல வருஷம் முன்னாடியே அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் கலந்துட்டுத்தான் இருந்தது.

எண்ணெய் கண்ணுக்குத் தெரிஞ்சது, செய்தியாச்சு. ஈயம், காட்மியம், பாதரசம் கண்ணுக்குத் தெரியாது. மீன் பளபளன்னு இருக்கும், செவுள் சிவப்பா இருக்கும். மஞ்சள் போட்டுக் கழுவினாலும், குழம்புல கொதிச்சாலும் உலோகம் போகாது.

ஜப்பானின் மினமாட்டாவில் 1956-லேயே நோய் பதிவாச்சு. ஆலை பாதரசக் கழிவை நிறுத்தினது 1968-ல். அந்த 12 வருஷமும் விஷம் கடல்ல கலந்துட்டே இருந்தது. தாமதத்தின் விலை அதுதான்.

சோதனை ஒண்ணும் ராக்கெட் சயின்ஸ் இல்லை. மடவை, கெளுத்தி, நண்டு, இறால் எல்லாத்துலயும் தனித்தனி மாதிரி எடுக்கணும். பிடிச்ச இடம், தேதி, நீளம் எழுதி, ஐஸ்ல வெச்சு லேபுக்கு அனுப்பணும். மழைக்கு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை. மீனில் ஈயத்துக்கு சர்வதேச கோடெக்ஸ் வரம்பு கிலோவுக்கு 0.3 மில்லிகிராம். லேப் தர்ற எண்ணை அதோட ஒப்பிட்டுப் பார்த்தா யாருக்கும் புரியும்.

மீன் விக்கிற அக்கா ஒருத்தங்க என்கிட்ட கேட்டாங்க: "எண்ணூர் மீன்ல விஷம்னு டிவில போட்டா, அப்புறம் என் கூடையை யாருப்பா தொடுவா?"

நியாயமான கேள்வி. ஆனா அக்கா, சோதனை இல்லாதப்போ சந்தேகம் எல்லா மீன் மேலயும் விழுது. சோதிச்சா எந்த மீன், எந்த இடம்னு தெளிவாகும். வரம்புக்குள்ள இருந்தா அந்தத் தாளைக் காட்டி தைரியமா விக்கலாம். தாண்டியிருந்தா அதே தாள்தான் உங்க ஆதாரம். மாசுபடுத்தினவரே இழப்பீடு தரணும்னு 2010 தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் சொல்லுது.

அதனால நம்ம கோரிக்கை மூணு:

1. மாசாமாசம் மீன் சோதனை.
2. முடிவை மீன் மார்க்கெட்டிலேயே தமிழில் ஒட்டணும்.
3. மீன்பிடிக்கத் தடை போட்டா, அன்னைக்கே மீனவருக்கு நிவாரணம். மூணாவது இல்லாம முதல் ரெண்டை நாம கேட்கக் கூடாது.

சோதனைக்குப் பயப்பட வேண்டியது மீன் பிடிக்கிறவங்க இல்லை, ஆற்றில் கழிவை விடுறவங்க.

பகிருங்கள் உறவுகளே.

#எண்ணூர் #மீனைச்சோதி #கொசஸ்தலை