முள்ளுக்குப் பாடம் சொன்னது யார்?

(தொண்டர் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



முள்மீது சேலை விழுந்தாலும், சேலைமீது முள் விழுந்தாலும், சேதம் சேலைக்குத்தான் என்பர் நம் வீட்டுப் பெரியவர்கள். பெண்ணைப் பெற்ற வீடெல்லாம் ஓதும் வேதம் இது! இருட்டுமுன் திரும்பு, இழுத்துப் போர்த்து நட, ஏறிட்டுப் பாராதே, எதிர்த்துப் பேசாதே! ஆயிரம் முறை அவளுக்குச் சொன்னோம். அருகே அமர்ந்து சோறுண்ட அண்ணனுக்கு என்ன சொன்னோம்? ஒன்றுமில்லை. அவன் முள்ளா, தோழர்களே? முள்ளுக்கு அறிவில்லை, குத்துகிறது. ஆண்மகனுக்கு அறிவுண்டு என்று நம்புகிறவன் நான்.

இருட்டுக்கு அஞ்சச் சொல்கிறோமே, இருட்டா குற்றவாளி? 2021-ஆம் ஆண்டுக்கான தேசியக் குற்ற ஆவணக் காப்பக அறிக்கையைப் புரட்டுங்கள். பதிவான பாலியல் வன்முறை வழக்குகளில் நூற்றுக்கு 90-க்கு மேல், குற்றஞ்சாட்டப்பட்டவன் அவளுக்கு அறிமுகமானவன்! உறவினன், அண்டை வீட்டான், நண்பன். கதவைத் தாழிட்டோம், கள்வனை உள்ளே வைத்து!

இன்னொரு பழமொழியும் கைவசம் உண்டு: ஊசி இடங்கொடாமல் நூல் நுழையுமா? திண்ணையில் கேட்டால் அறியாமை எனலாம். உச்சநீதிமன்றத் தீர்ப்பிலேயே அதன் எதிரொலி கேட்டதே, அதை என்னென்பது!

1972 மார்ச் 26. மராட்டிய மாநிலம், தேசாய்கஞ்ச் காவல் நிலையம். தாய் தந்தையற்ற பழங்குடிப் பெண். பதினாறைத் தாண்டாத பருவம். விசாரணைக்கு வந்தவளை நிறுத்திக்கொண்டு உறவினரை வெளியே அனுப்பினர். காவலர் ஒருவர் தன்னைக் கெடுத்தார், மற்றொருவர் அத்துமீறினார் என்று முறையிட்டாள் அந்தப் பெண். கீழ்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. உயர்நீதிமன்றம், அச்சத்தால் அடங்கியதை இசைவு எனக் கொள்ளாமல் தண்டித்தது. 1978-இல் உச்சநீதிமன்றம் மீண்டும் விடுவித்தது! உடலில் காயமில்லை, ஆகவே எதிர்ப்பில்லை, ஆகவே இசைவுண்டு! காக்கிச் சட்டையின் முன், தாழிட்ட அறையில், ஓர் ஏழைச் சிறுமி மல்யுத்தம் புரிந்து தழும்பு காட்டியிருக்க வேண்டுமாம்!

1979-இல் சட்டப் பேராசிரியர் நால்வர் தலைமை நீதிபதிக்குக் கடிதம் தீட்டினர்: அடங்கிப்போவது வேறு, இசைவது வேறு என்று. பெண்கள் தெருவில் திரண்டனர். 1983-இல் சட்டம் திருந்தியது. காவலில் உறவு நிகழ்ந்தது மெய்ப்பிக்கப்பட்டு, இசையவில்லை என்று அவள் சாட்சியம் கூறினால், இசைவு இல்லையென்றே நீதிமன்றம் கொள்ள வேண்டும். 2013-இல் இன்னும் தெளிவு: சொல்லாலோ குறிப்பாலோ ஐயத்துக்கிடமின்றித் தெரிவிப்பதே இசைவு, எதிர்த்துப் போராடாதது மட்டுமே இசைவாகாது. மௌனம் சம்மதம் என்ற நம் ஊர்ச் சட்டம் ஏட்டில் செத்தது.

ஏட்டில்தான்! நாடகம் எழுதுகிறவன் நான். கொட்டகையின் குணம் அறிவேன். காதலன் கையைப் பற்றுகிறான். 'விடுங்கள்' என்கிறாள் அவள். விடவில்லை அவன். கொட்டகை அதிரக் கைதட்டல்! 'வேண்டாம்' என்றால் 'வேண்டும்' என்று பொருள் என, முன்வரிசையில் அமர்ந்த சிறுவன் அங்கேதான் கற்கிறான். ஆசிரியர் யார்? தட்டிய கைகள்!

வீட்டுக்குள் வருவோம். மனைவியிடம் கணவன் செய்தால் அது இக்குற்றம் ஆகாதென 1860-இல் வெள்ளையன் எழுதிய விலக்கு, மனைவியின் வயது வரம்பு மட்டும் உயர்ந்து, 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் குடியேறியது. மணமேடையில் ஒருமுறை தலையசைத்தாள். அது ஆயுளுக்கும் எழுதிக்கொடுத்த அடிமைச் சாசனமா? அதை நீக்கக் கோரி மன்றங்களில் வாதாடுவோர் வாதாடட்டும். அந்த விலக்கை நம் வீட்டில் பயன்படுத்தாமலிருக்க, தோழர்களே, எந்த மன்றத்தின் உத்தரவு நமக்கு வேண்டும்?