கண்வில்லையும் புறஊதாக் கதிரும்



கண்ணுக்குப் புலப்படாத புறஊதாக் கதிரைச் செருமானிய அறிஞர் இரிட்டர் 1801இல் கண்டறிந்தார். அக்கதிர் பார்வைக்கே ஊறு செய்வதையும் அறிதல் வேண்டும்.

அமினோக் காடிகளின் சிறு கோவை பெப்டைடு, நெடுங்கோவை புரதம். காடிகள் இருபதனுள் திரிப்டோபான், தைரோசின், பீனைலலனின் ஆகிய மூன்றே இக்கதிரைச் சிறப்பாக ஈர்ப்பன. இவற்றை நறுமணக் காடிகள் என்பர். பெயர் கேட்டு மணம் தேடவேண்டா; தனிவகை அணுவளையத்தையே அப்பெயர் சுட்டும்.

மூன்றனுள் வலிதாய் ஈர்ப்பது திரிப்டோபான். 280 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி அதன் ஈர்ப்பு மிகும். ஈர்த்த ஆற்றல் பெரும்பாலும் ஒளியாகவும் வெப்பமாகவும் கழியும். சிறுபான்மை, உயிர்வளி கூடி வளையம் உடையும். அவ்வாறு தோன்றும் புதுப்பொருள் இன்னும் நெடிய அலைகளையும் ஈர்த்து, அண்டையிலுள்ள காடிகளையும் கெடுக்கும்.

'280 அளவுக் கதிரை வளிப்போர்வை தடுத்துவிடுமே!' எனலாம். உண்மைதான். கண்வில்லையை அடைவது ஏறத்தாழ 300க்கு மேற்பட்டதே. அதில் திரிப்டோபான் ஈர்ப்பது சிறிதே. ஆனால், தோலைப்போல் வில்லை உதிர்ந்து புதிதாவதில்லை. அதன் நடுப்புரதம் கருவிலேயே அமைந்தது. சிறுசிதைவும் அறுபதாண்டு சேர்ந்தால் சிறிதாகுமோ?

அமெரிக்காவின் மேரிலாந்தில், செசபீக் வளைகுடாப் படகுத் தொழிலாளர் 838 பேரை ஆராய்ந்த முடிவு 1988இல் வெளிவந்தது. இக்கதிரை மிகுதியாக ஏற்றவர்க்கு வில்லையின் புறணியில் புரை மிகுந்திருந்தது.

முதுமை, நீரிழிவு, புகை எனப் புரைக்குப் பிற ஏதுக்களும் உள. மூப்பைத் தடுத்தல் இயலாது, கதிரைத் தடுக்கலாம். அகன்ற தொப்பியும் கதிர் தடுக்கும் கண்ணாடியும் துணையாகும். வெயிலில் உழைப்போர்க்கு இதனை எடுத்துரையுங்கள்.