மெய் விம்பமும் மாய விம்பமும்

(சங்க மண்டபத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற மாதக் கூட்டத்தில் வில்லைகளைப் பற்றி நாம் சில வார்த்தை பேசியபோது, முன்வரிசையில் வீற்றிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து ஒரு வினாவை விடுத்தார். "தம்பி, திரையிலே பிடிக்கக்கூடியது மெய் விம்பம், பிடிக்க முடியாதது மாய விம்பம் என்று சொன்னீர். நிலைக்கண்ணாடியிலே தெரிகிறது மாயம் என்றால், அதைக் கமெராவாலே படம் பிடிக்கிறார்களே, அது எப்படி? இல்லாததையும் படம் பிடிக்கலாமோ?"

சபை சிரித்தது. நாமும் சிரித்தோம், ஆனால் விடை சொல்லவில்லை. விடை தெரியவில்லை என்பதே உண்மை. மிஷன் பாடசாலையில் அந்த வரைவிலக்கணத்தை மனனஞ் செய்து, கதிர்ப்படம் கீறிப் புள்ளியும் பெற்றுப் பல்கலைக்கழகமும் புகுந்தோம். அதன் பொருளை ஒருநாளும் வினாவியதில்லை. அப்பெரியவருக்குப் பட்ட கடனைத் தீர்க்கவே இன்று மறுபடியும் இங்கு நிற்கிறோம்.

மாயை என்னும் சொல்லுக்கு இச்சபையில் கனதியான வேறு பொருளுண்டு. அதை இங்கே இழுக்க வேண்டியதில்லை. ஒளியியலார் கருதுவது மிகவும் எளியது. ஒரு பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கதிர்கள் எத்திசையும் விரிந்து செல்கின்றன. வில்லை அவற்றை முறிவடையச் செய்கிறது; ஆடி தெறிக்கச் செய்கிறது. போக்கு மாறிய கதிர்கள் வேறோரிடத்தில் உள்ளபடியே ஒன்றுகூடின், அவ்விடத்தில் மெய் விம்பம். கூடாமல் விரிந்துகொண்டே போய், பின்னோக்கி நீட்டினால் மாத்திரம் ஓரிடத்திலிருந்து புறப்பட்டவை போலத் தோன்றின், அவ்விடத்தில் மாய விம்பம். திரை என்பது ஒரு சோதனையேயன்றி இலக்கணம் அன்று. திரையை எடுத்துவிட்டாலும் மெய் விம்பம் அந்தரத்தில் நிற்கும். அதற்குச் சற்றுப் பின்னே தள்ளிநின்று நோக்கினால் வெறுங்கண்ணாலேயே காணலாம்.

10 சென்ரிமீற்றர் குவியத்தூரமுள்ள குவிவு வில்லை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதிலிருந்து 30 சென்ரிமீற்றர் தூரத்தில் மெழுகுதிரியை வைத்தால், மறுபக்கத்தில் 15 சென்ரிமீற்றரிற் பிடித்த கடதாசியில் சுவாலை தலைகீழாக, பாதியளவினதாய் விழும். மெழுகுதிரியை 5 சென்ரிமீற்றருக்கு நெருக்கினாலோ, கடதாசியை எங்கே கொண்டுபோய்ப் பிடித்தாலும் ஒன்றும் விழாது. வில்லையினூடாகப் பார்த்தால், சுவாலை நிமிர்ந்து, இருமடங்கு பெருத்து, மெழுகுதிரி இருக்கும் பக்கத்திலேயே 10 சென்ரிமீற்றர் தூரத்தில் நிற்பதாகத் தோன்றும். வில்லை அதுவேதான். ஆனால் பொருள் குவியத்தைக் கடந்து உள்ளே வந்துவிட்டால், அத்துணை அகல விரியும் கதிர்களை ஒன்றுகூட்ட வில்லையின் வலு போதாமற் போய்விடுகிறது.

வில்லையின் பாதியை அட்டையால் மறைத்தால் பாதிச் சுவாலைதான் விழுமோ? நாமும் அவ்வாறே நினைத்திருந்தோம். மறைத்துப் பார்த்தபோது முழுச் சுவாலையும் விழுந்தது. ஒளி மாத்திரம் மங்கிற்று.

குழிவாடியின் செய்கையும் இவ்வாறே. குவியத்துக்கு உள்ளே முகத்தைக் கொண்டுபோனால் நிமிர்ந்து பெருக்கும், வெளியே போனால் தலைகீழாக்கும். குவிவாடியோ நம் முன்னுள்ள பொருளை எப்போதும் சிறிதாக, நிமிர்ந்ததாக, மாயமாகவே காட்டும். பஸ் சாரதியின் பக்கத்துக் கண்ணாடியில் பின்வரும் வாகனம் தொலைவில் வருவதுபோலத் தோன்றுவது அதனாலேதான். அதை நம்பித் திருப்புகிறவர் அவதானமாயிருக்க வேண்டும்.

கதிர்கள் உள்ளபடி ஓரிடத்திற் கூடுதல் எவ்வளவு நுட்பமான காரியம் என்பதற்கு ஹபிள் விண்தொலைநோக்கி சாட்சி. 1990 ஆம் ஆண்டு விண்ணுக்கு ஏற்றிய பின்னரே, 2.4 மீற்றர் விட்டமுள்ள அதன் பேராடி விளிம்பில் ஏறத்தாழ 2 மைக்கிரோமீற்றர் மட்டிற் கூடுதலாகத் தட்டையாய்ப் போனமை தெரியவந்தது. தலைமயிரின் பருமனில் ஐம்பதில் ஒரு பங்கு என்று சொல்லலாம். விளிம்பிற் பட்ட கதிர்களும் நடுவிற் பட்ட கதிர்களும் ஒரே புள்ளியிற் கூடவில்லை. விண்மீன்கள் கலங்கித் தெரிந்தன. 1993 டிசெம்பரில் விண்வெளிவீரர்கள் சென்று திருத்தும் ஒளியியற் கருவிகளைப் பொருத்திய பின்னரே படங்கள் தெளிந்தன.

இனிக் கமெராவுக்கு வருவோம். நிலைக்கண்ணாடியிற் தெறித்த கதிர்கள் பொய்யல்ல. அவை விரிந்தபடி வந்து கமெராவின் வில்லையிற் படுகின்றன. அவ்வில்லை அவற்றைக் கூட்டித் தன்னுள்ளே ஒரு மெய் விம்பத்தை ஆக்குகிறது. பதிவாவது அதுவே. ஆடிக்கு ஒரு மீற்றர் முன்னே நின்று தம்மைத் தாமே படம் பிடிக்கிறவர் கமெராவை இரண்டு மீற்றருக்குச் சரிசெய்தாற்றான் முகம் தெளியும். ஆடிக்குப் பின்னே சுவர்தான் இருக்கிறது. ஆயினும் அந்த இரண்டு மீற்றர்க் கணக்குத் தவறுவதில்லை.

நம் கண்ணும் அவ்வாறே செய்கிறது. விழித்திரையில் விழுவது தலைகீழான மெய் விம்பம் என்பதைக் கெப்ளர் 1604 இல் எழுதினார். ஆகவே ஐயா, மாய விம்பத்தையும் நாம் காண்பது கண்ணுள் அமையும் மெய் விம்பத்தினாலேதான்.

கூட்டம் கலைந்தபின் அவரே நம்மிடம் ஒன்று கூறினார்: புரை விழுந்த தம் கண்ணில் இப்போது இருப்பது வைத்தியர் பொருத்திய வில்லையாம். இங்கிலாந்தின் ஹரல்ட் ரிட்லி 1949 நவம்பரில் முதன்முதலாகச் செய்த சத்திரசிகிச்சை அது. போரில் உடைந்த விமானக் கூண்டின் பிளாஸ்ரிக் துணுக்குகள் வீரர்களின் கண்ணிற் தங்கியும் பெருந்தீங்கு விளைக்காததைக் கண்டு, அதே வகைப் பொருளால் அவர் வில்லை செய்வித்தார். இத்தனை நாளும் தம் கண்ணுக்குள் ஒரு வில்லையை வைத்துக்கொண்டுதான் பெரியவர் நம்மைக் கேள்வி கேட்டிருக்கிறார்!

இப்போது யன்னல்களைச் சாத்தி விளக்கையும் அணைத்துவிடும்படி தம்பிமாரை வேண்டிக்கொள்கிறோம். மெழுகுதிரியும் வில்லையும் மேசைமேல் இருக்கின்றன. முதலில் அப்பெரியவர் வந்து கடதாசியைப் பிடிப்பாராக.